பம்பருக்கு எண்ணெய்க் காப்பு

ஜுரு என்ற ஊரின் கடைசித் தொழிற்சாலைச் சுவர் முடிந்த இடத்தில்தான் நான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். பழைய கார் விற்கும் கொட்டகையின் கொடிகள் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் கூப்பிடவில்லை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் தேய்க்க ஒரு பிரஷ், கார் தேய்க்கச் சில பழைய பிரஷ்கள், காலணிக்குப் போடும் கருப்புச் சப்பாத்துப் பாலிஷ் பாதி தீர்ந்த டப்பா. கடைசியாகச் சொன்ன டப்பாவை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. நான் வெளியே நடப்பதற்கே காரணம் அதுதான்.

அந்தக் கொட்டகையில் எனக்கு ஒரே வேலை. விற்பனைக்கு வரும் கார்களின் பம்பரையும் கதவோரப் பட்டையையும் கறுப்பாக்குவது. முன்பெல்லாம் கார் பம்பர் பளபளக்கும் இரும்பு, துருப்பிடித்தால் துருப்பிடித்ததுதான். எண்பதுகளில் வந்த கார்களில் அது கருப்புப் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. புதிதாக இருக்கும்போது குளித்து வந்த எருமை முதுகு மாதிரி இருக்கும். எங்கள் ஊர் வெயிலிலும் கடல் காற்றிலும் சில வருடம் நின்றால் நரைத்துப்போகும். நரைத்த பம்பரோடு நிற்கும் காரை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அதனால் கொட்டகை முதலாளி, எங்கள் தவ்கே, சப்பாத்துப் பாலிஷ் வாங்கிக் கொடுப்பார், நான் தேய்ப்பேன். கார் போகும். அதன் பிறகு மழை பெய்தால் அது வாங்கியவர் பாடு.

ஒருவர் மட்டும் திரும்பி வந்துவிட்டார். மழையில் கறுப்பு வழிந்து வெள்ளைக் கதவெல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தது. அவருடைய வெளிர்நிறக் கால்சட்டையின் முட்டிப் பக்கமும் கறுப்பு. தவ்கே என்னைக் காட்டி, இவன் தப்பான பாலிஷ் போட்டுவிட்டான் என்றார். அவருக்கும் அந்த நேரத்தில் வேறு வழியில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. இந்த மழைக்காலமும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன்.

காய்கறி ஏற்றிவந்த லாரி ஒன்று என்னை பட்டர்வர்த்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து எதிர்க்கரைத் தீவுக்கு ஃபெரி. நான்காம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவனுக்கு வேலை தேட ஒரு ஊரும் இன்னொரு ஊரும் ஒன்றுதான். துறைமுகத்தில் ஏதாவது கிடைக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வரிசையாக நின்ற கார்களின் பம்பர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று நரை, ஒன்று பாதி நரை, ஒன்றில் மெழுகுப் பாலிஷ் பட்டு வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒரு வேலையைச் செய்தால் அது கண்ணில் ஏறிக்கொள்கிறது, இறங்க நாளாகும்.

கரையில் இறங்கி விசாரித்தேன். பெரிய கன்டெய்னர் பெட்டிகளில் சரக்கு வரத் தொடங்கியபின் ஆள் வேலை குறைந்துவிட்டது, இருப்பதும் அக்கரையில்தான் என்றார்கள். நான் அக்கரையிலிருந்துதான் வந்திருந்தேன். சிரிப்பு வந்தது. நடந்தேன்.

துறைமுகத் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக நின்ற சந்து ஒன்றில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் வாழை மரம். கல்யாண வீடு என்றால் ஒரு வாய் தண்ணீராவது கிடைக்கும் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். பந்தலுக்கு வெளியே, வெயிலில், ஒரு வெள்ளைக் கார். அதன் முன்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து, எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு பம்பரில் பூசிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய் வாசம். ஐம்பதைத் தாண்டிய ஆள். தோளும் புஜமும் மூட்டை தூக்கிப் பழகியவை. அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கோயில்ல சாமிக்குப் பூசற மாதிரி மூனு நாளா பூசிக்கிட்டே இருக்கீங்களே, கறுப்பாச்சா?"

"நேத்து ராத்திரி கறுப்பாத்தான் இருந்துச்சு."

"நேத்து ராத்திரி எல்லாமே கறுப்பாத்தான் இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவர் தலை நிமிர்ந்தார்.

"என்னா தம்பி சிரிப்பு? கல்யாண வீட்டுக்கு வந்த ஆளா, கூத்துப் பாக்க வந்த ஆளா?"

"தண்ணி கேக்க வந்தேண்ணே. சும்மா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எதுக்கு எண்ணெய்?"

"கோயில்ல சிலைக்கு எண்ணெய்க் காப்பு சாத்துறாங்களே, பாத்ததில்ல? வெளுத்துப்போன கல்லு எப்படி மினுக்குது! கல்லுக்கே அப்படின்னா இது பிளாஸ்டிக்குலா."

நான் குனிந்து விரலை வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் எண்ணெயும் சந்துப் புழுதியும் சேர்ந்து களியாகியிருந்தன. ஓரத்தில் எறும்பு வரிசை. பின் பம்பரில் ஒரு கோழி இறகு அசைந்துகொண்டிருந்தது. கதவுகளை ஒட்டி ஓடும் பட்டையிலும் அதே கதை.

"கல்லு எண்ணெயக் குடிச்சிடும்ணே. இது குடிக்காது, துப்பிடும்," என்றேன்.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் அந்த அக்கா. தன் சேலையின் கீழ்ப்பக்கத்தை இழுத்துக் காட்டினார். முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு எண்ணெய்க் கறை. "கொடியில துணி எடுக்கப் போனேன், இந்தக் காடிய ஒரசிட்டேன். அவ்ளோதான். நாளைக்கு இதுல ஏறப்போறது பட்டுச் சேலை."

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, நான் கேட்காமலேயே, விஷயத்தைச் சொன்னார். நாளைக் காலை கோயிலில் ஒரே மகளின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கெலுகோரில், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், பையன் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். பிள்ளைகள் இரண்டும் ஒருவரை ஒருவர் விரும்பின, பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

"மொத நாள் பேச வந்தப்பவே சொன்னாங்க, பொண்ணு வர நாங்களே பெரிய கார் அனுப்பறோம்னு. நல்ல மனசோடதான் சொன்னாங்க தம்பி. அதான் எனக்குப் பொறுக்கல. எம்பொண்ணு எங்காடியிலதான் வரும்னுட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து பாக்கறேன், காடி கெழவன் மாதிரி நிக்குது."

அந்த வரிசையில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இல்லை. கார் இருந்தது இவர் ஒருவரிடம்தான். இரண்டாம் கையாக வாங்கியது. வருடக்கணக்காகத் துறைமுகத்து வார்ஃப் வெயிலில் நிழலில்லாமல் நின்றிருக்கிறது. உடம்பில் ஒரு சொட்டைகூட இல்லை, வெள்ளை வர்ணம் பளிச்சென்றிருந்தது. நரைத்தது அந்தப் பிளாஸ்டிக் மட்டும்தான்.

"எனக்குக் கொஞ்சம் தெரியும்ணே. பாக்கட்டுமா?" என்றேன்.

"சாப்டியா நீ?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்லக்கா."

"இன்னும்னா எப்பலேர்ந்து?"

நான் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன். அவர் உள்ளே போய் வாழை இலையோடு வந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், அப்பளம். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. இரண்டாம் தடவை சோறு போட்டபோது வேண்டாம் என்று கையால் மறைத்தேன். அவர் கையின் மேலேயே போட்டார்.

பிறகு காரைப் பந்தலின் நிழலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தோம். சுடு தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷால் தேய்த்தேன். மேலே இருந்த களி போனது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடிப் பள்ளம். எண்ணெய் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. மறுபடி சோப்பு, மறுபடி சுடு தண்ணீர். விரல் வைத்தால் இன்னும் பிசுக்கு.

அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"எண்ணெய் தேச்ச தலைக்கு சோப்பா போடுவாங்க? இந்தா."

சீயக்காய்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. கரைத்துப் பூசித் தேய்த்தேன். தூள் பள்ளங்களுக்குள் போய் எண்ணெயை வாரிக்கொண்டு வந்தது, பழுப்பாக வழிந்தது. கழுவிவிட்டுத் துணியால் துடைத்துக் கை வைத்தேன். பிசுக்கில்லை. கொட்டகையில் எத்தனையோ டின் திரவங்களைப் பார்த்தவன் நான். இது எனக்குத் தோன்றியிருக்காது.

மணப்பெண் கதவருகே வந்து நின்றது. இரண்டு கையிலும் மருதாணி. எதிலும் படாமல் விரல்களை விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தது.

"அப்பா, நாளைக்கு எனக்குக் கல்யாணமா, காடிக்கா? எண்ணெய் தேச்சாச்சு, சீயக்கா போட்டாச்சு. சாம்பிராணி மட்டும்தான் பாக்கி."

"போ உள்ள. கையத் தூக்கிக்கிட்டு வெளிய வராத. போலீஸ் புடிச்ச மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் முகம், பம்பர் காய்ந்ததும் மாறிவிட்டது. சுத்தமாக இருந்தது, ஆனால் சுத்தமான நரை. எண்ணெய் இருந்தபோதாவது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. இப்போது சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. அவர் கண் என் பையின் மேல் போனது. பிரஷ் எடுத்தபோது பாலிஷ் டப்பாவையும் வெளியே வைத்திருந்தேன்.

"அது கறுப்புத்தானே?"

"கறுப்புதாண்ணே. மழை பெஞ்சா ஓடிடும். துணியில பட்டா போகாது."

"நாளைக்கு ஒரு நாள் நின்னா போதும்லா. மழை பெய்யாது, மானத்தப் பாரு."

வானத்தைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஜுருவிலும் கறுப்பு வழிந்த அன்று காலை அப்படித்தான் இருந்தது. வெளிர்நிறக் கால்சட்டைக்காரரின் கதையைச் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார், கேட்டுவிட்டும் டப்பாவையே பார்த்தார்.

அக்கா டப்பாவை எடுத்துத் தூரப் போட்டார். "சேலையில கறுப்பு பட்டுதுன்னா வாழ்நாள் பூரா கெலுகோர்ல அதயேதான் பேசுவாங்க. நரைச்சிருந்தா நரைச்சிருக்கட்டும். உங்க தலையும்தான் நரைச்சிருக்கு, அதுக்காக உங்கள வாணாம்னா சொல்றோம்?"

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கொட்டகையில் என்னோடு வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் பழைய ஸ்டிக்கர்களை உரிக்க ஹீட் கன் வைத்திருந்தார். பெண்கள் தலைமுடி காயவைக்கும் கருவி மாதிரி இருக்கும்; ஆனால் அதிலிருந்து வரும் காற்று பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பம்பரில் ஸ்டிக்கர் உரித்த இடம் மட்டும் கறுப்பாக மாறியிருப்பதை ஒரு தடவை பார்த்தேன். பிறகு உடைந்து கிடந்த ஒரு பம்பரில் நானே காட்டிப் பார்த்திருக்கிறேன். கறுத்தது. ஒரு இடத்தில் உருகவும் செய்தது. தவ்கேயிடம் சொன்னபோது, கரண்டுக்குக் காசு யார் தருவது, பாலிஷைத் தேய் என்றுவிட்டார்.

"இங்க யார்கிட்டயாவது ஹீட் கன் இருக்குமாண்ணே? ஆனா முழுக்கார்ல நான் செஞ்சதில்ல. ஒடஞ்ச பம்பர்லதான் செஞ்சேன்."

"அத மொதல்ல சொல்றான் பாரு, நல்ல பையன்," என்றார் அண்ணன். எழுந்துவிட்டார். அதே வரிசையில் கடைசி வீட்டில் துறைமுகப் பட்டறை எலக்ட்ரீஷியன் இருந்தார். வயர் இணைப்புக்கு உறை மாட்ட ஒன்று வைத்திருந்தார். அண்ணன் போய் வாங்கிக்கொண்டு, நீளமான வயரையும் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

முதலில் யாருக்கும் தெரியாத இடத்தில், பம்பரின் அடிப்பக்கம் காட்டிப் பார்த்தேன். வர்ணம் சூடாகிக் கொப்புளிக்காமல் இருக்க, பட்டைக்கு மேலும் கீழும் ஈரக் கோணித் துணியை அண்ணன் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கருவியை ஒரு இடத்தில் நிறுத்தக் கூடாது. இஸ்திரி போடுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாம்பல் நிறத்துக்கு நடுவே ஈரம் ஊறி வருவது மாதிரி ஒரு கறுப்பு பரவியது. கருவியை எடுத்த பிறகும் அது போகவில்லை. ஆறியதும் துணியால் துடைத்தேன், துணியில் ஒன்றும் இல்லை. மேலே பூசிய கறுப்பு என்றால் துணிக்கு வரும். இது அந்தப் பிளாஸ்டிக்கிலேயே இருந்த கறுப்பு, மேலே வந்திருக்கிறது.

"அலமாக்!" என்றார் அண்ணன். "வயசு கொறையுதுடா!"

அக்காவும் குனிந்து பார்த்தார். "உங்களுக்கும் ஒரு தடவ காட்டச் சொல்லட்டுமா?"

முன் பம்பர், ஒரு பக்கக் கதவோரம், மறுபக்கம் என்று சாண் சாணாகப் போனேன். இப்போது செய்த இடமும் பழைய இடமும் சேரும் கோடு தெரியாமல் இருக்க, திரும்பத் திரும்பப் போக வேண்டும். மணிக்கட்டு நொந்தது. வேலைக்கு நடுவில் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். பெயர் தெரியாத அந்த வீட்டில், என்ன கூலி என்றுகூடப் பேசாமல், நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை அப்போதே கவனித்தேன் என்பதுதான் ஆச்சரியம்.

பின் பம்பர் பாதி வந்தபோது அண்ணன் பொறுக்கவில்லை.

"கொண்டா, என் காடிக்கு நானும் கொஞ்சம் செய்யறேன்."

"நிறுத்தாம நகத்தணும்ணே."

"ஃபோர்க்லிஃப்ட்டயே நகத்தறவன்கிட்ட சொல்றியா!"

நன்றாகத்தான் நகர்த்தினார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா தன்னுடைய நீளமான காரை இந்தச் சந்துக்குள் கொண்டுவந்து திருப்ப முடியாமல் தவித்ததை நடித்துக் காட்டத் தொடங்கினார். இடது கையால் ஸ்டியரிங் திருப்பினார். வலது கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே!"

வாசம் வந்துவிட்டது. கருவியை விலக்கியபோது, பின் பம்பரின் வலது மூலையில், கட்டை விரல் அகலத்துக்குப் பொடிப் பள்ளங்கள் உருகி வழவழப்பாகிக் கண்ணாடி மாதிரி மினுங்கின. நான் கையால் தடவச் சொல்லவில்லை, அண்ணன் தடவி விரலைச் சுட்டுக்கொண்டார். அக்கா ஈரத் துணியை அவர் விரலில் சுற்றினார்.

"ஓட்டை விழலண்ணே. தொட்டாத்தான் தெரியும்," என்றேன்.

"எனக்குத் தெரியுதே," என்றார். கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மீதி வேலை முடியும்வரை ஈரத் துணியை மட்டும் பிடித்தார்.

பொழுது சாய்வதற்குள் முடித்தேன். சந்து முனையில் நீளமான, கருநீலக் கார் ஒன்று வந்து, இந்தத் தடவை உள்ளே வராமல், அங்கேயே நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பாதான். வெள்ளை வேட்டி, தங்கக் கண்ணாடி, கையில் மணமகனின் வீட்டிலிருந்து ஒரு பழத்தட்டு. தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். அண்ணன் மூச்சுவிடாமல் நின்றார்.

"சம்பந்தி, புதுக் கார் வாங்கிப்போட்டியளோ?"

"அதே காடிதான்."

"சும்மா சொல்லாதேங்கோ." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, கதவோரப் பட்டையில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார். விரித்துப் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

"இது எப்பிடிச் செய்தனீங்கள்? என்ர காருக்கு மெழுகு போட்டுப் போட்டு வெள்ளைத் தேமல் பிடிச்ச மாதிரி நிக்குது."

அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "எல்லாம் வீட்டு வைத்தியம்," என்றார். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லது. அப்ப நாளைக்கு இதிலதான் பிள்ளை வருது. ஒண்டு கேக்கவேணும், பிழையா நினைக்காதேங்கோ. நாங்கள் மாப்பிள்ளையோட வரேக்க, நீங்கள் ரெண்டுபேரும் கோயில் வாசல்ல நிண்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதுக்குப் பிறகுதான் பொம்பிளை வாறது. அப்ப காரை ஆர் ஓட்டுறது?"

அண்ணன் கை தானாகக் காரின் கதவுக்குப் போனது. மகளைத் தன் காரில் கூட்டிவருவதை எத்தனையோ மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவர், அந்தக் காட்சியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தன்னைத்தான் வைத்திருந்தார். வாசலிலும் தானே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"மொதல்ல பொண்ண எறக்கிட்டு..."

"அது எங்கட பக்கம் வழக்கமில்லை, சம்பந்தி. மாப்பிள்ளை வந்து இருந்தாப் பிறகுதான் பொம்பிளை." அவர் குரலில் ஏளனம் இல்லை. "அதுதான் சொல்லுறன், எங்கட கார் ஓட்டுநர் இருக்கிறார். காரை அனுப்பிவிடுறம். இது பின்னால வரட்டும்."

இது பின்னால் வரட்டும். அண்ணன் பம்பரைப் பார்த்தார். அன்று முழுவதும் பட்ட பாடு அந்த ஒரு பேச்சில் போய்விடும்போல இருந்தது. சந்தில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது, வேன் வைத்திருந்த ஒரே உறவுக்காரர் வீட்டாரை ஏற்றிப்போக வேண்டும். உள்ளே கதவுக்குப் பின்னால் மருதாணிக் கை தெரிந்தது. அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒனக்கு லைசன்ஸ் இருக்கா?"

"இருக்குண்ணே. ஈப்போவில லாரி ஓட்டியிருக்கேன்."

பையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீர்தானோ? இதில முகம் நல்லா உருண்டு இருக்குது."

"அப்ப சாப்பாடு நேரத்துக்குக் கெடச்சுது, ஐயா."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "பிறகென்ன, சம்பந்தி. எங்கட கார் பின்னால வரட்டும்."

அண்ணன் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு வேண்டியிருந்தது. "காலையில இருப்பல்ல?" என்று கேட்டார். இருப்பேன் என்றேன். மறுநாள் காலை நான் எங்கே இருப்பேன் என்று ஒருவரிடம் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. பந்தலில் பெஞ்சைப் போட்டுக்கொடுத்தார்கள். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் அண்ணனின் வெள்ளைச் சட்டை எனக்குக் கிடைத்தது. இரண்டு ஆள் நுழையலாம். கைலியை அவிழ்த்துவிட்டு, என் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சட்டையை அதற்குள் செருகினேன். அண்ணனும் அக்காவும் உறவுக்காரர் ஒருவரின் வேனில் முன்னால் கோயிலுக்குப் போய்விட்டார்கள். போகும் முன் அண்ணன் காரின் பின்னால் போய், உருகிய இடத்தை மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணப்பெண் சிவப்புப் பட்டில் வெளியே வந்தது. தோழிப் பெண்கள் இருவர் சேலையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஏறப்போன பெண் நின்றது. "சந்தனக் கிண்ணம் எங்க?" என்று கேட்டு வாங்கி, காரின் பின்னால் வந்தது. வலது மூலையில், அப்பா உருக்கிய இடத்தில், சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக ஒரு வட்டம் வைத்து, நடுவில் குங்குமம் தொட்டது.

"இப்ப யாருக்கும் தெரியாதுலா, அண்ணே?"

"தெரியாது தங்கச்சி. ஆனா ஒரு பக்கம் மட்டும் பொட்டு வெச்சா கேப்பாங்க."

இடது மூலையிலும் ஒன்று வைத்தது. பிறகு முன்னால் இரண்டு. மருதாணி சிவந்த விரலைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. ஏறும்போது பட்டுச் சேலை கதவோரப் பட்டையில் நன்றாக உரசியது. நான் பார்த்தேன். சரிகையில் ஒன்றும் இல்லை.

லாரி ஓட்டியவனுக்கு அந்தக் கார் கையில் பொம்மை மாதிரி இருந்தது. ஆனாலும் லாரியைவிட மெதுவாகத்தான் ஓட்டினேன். கரைச் சாலையைத் தாண்டித் திரும்பியபோது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பின்னால் இருந்த பெண்கள் ஐயோ என்றார்கள். தூறல்தான், ஆனால் நிற்காத தூறல். அந்த நேரத்தில் என் ஞாபகத்தில் வந்ததெல்லாம் தூரப் போடப்பட்ட அந்தப் பாலிஷ் டப்பாதான்.

கோயில் வாசலில் குடைகளோடு கூட்டம் நின்றது. கெலுகோர்ப் பெண்கள் முன் வரிசையில். நான் காரை வாசலுக்கு நேராக நிறுத்தி, இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளைக் கதவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வெறும் தண்ணீர். பட்டை நேற்றைவிடக் கறுப்பாக இருந்தது. மணப்பெண் இறங்கியதும் நாதஸ்வரம் தொடங்கியது. எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் முதலில் பம்பரைப் பார்த்தார். சந்தனம் கரைந்து மஞ்சளாகக் கீழே இறங்கியிருந்தது. உருகிய இடம் தூறலில் மினுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவரைத் தவிர யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்புறம்தான் மகளின் கையைப் பிடித்தார்.

இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். பூ விழுந்த தலையோடு என் காதருகே குனிந்தார்.

"தூறல் விட்டதும் வெயில் வந்துடும். காடிய நெழல்ல போடு தம்பி. கல்யாணம் முடியிற வரைக்கும் பக்கத்துலயே இரு. ஒருத்தரையும் எண்ணெய், பூன்னு எதையும் பூச வுடாத."

கோயிலுக்குப் பக்கத்தில் குடை மாதிரி விரிந்த ஒரு பெரிய மழைமரம் நின்றது. காரை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டேன். பிறகு, தூறல் விட்டு வெயில் வந்ததும், நிழல் நகரும் பக்கமாகக் காரை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் நின்றேன்.